முப்பத்தெட்டா, முப்பத்தாறா

டிசம்பர் 28

அக்காவுக்கு,

கூரியரில் வந்த பார்சலைப் பிரித்தேன். நீலத் துணி ஏழு மீட்டர், கூடவே ஒரு துண்டுச் சீட்டு. "யூனிஃபார்ம் இரண்டு செட். பிப்ரவரிக்குள் வேண்டும்." அவ்வளவுதான். கடைக்கு முதல் தடவை வருகிற ஆள்கூட உள்ளே நுழையும்போது ஒரு சிரிப்பாவது சிரிப்பார். நீ என் நம்பரையும் பிளாக் பண்ணிவிட்டாய். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இப்போதுதான் கடிதம் என்று ஒன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கும். எனக்கு நேராக வருவது தையல் மட்டும்தான்.

நவம்பரில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கத்தான் எழுதுகிறேன். ஆனால் எதற்கு மன்னிப்பு என்பதுதான் எனக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை. அளவெடுக்கும்போது, "ஒரு மாசம் படுத்தே கிடந்ததுல நல்லா விளைஞ்சிருக்கக்கா, துணி ஒரு மீட்டர் கூட வாங்கணும்" என்றேன். கடையில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். நீ டேப்பை இடுப்பிலிருந்து உருவிப் போட்டுவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாய். சின்ன வயதிலிருந்து நான் ஒல்லி என்பதற்காக நீ என்னை ஊசி, ஊசி என்று கூப்பிடுகிறாயே, நான் என்றைக்காவது கோபித்துக்கொண்டேனா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கை, தோள், உயரம் எல்லாம் நோட்டில் இருக்கிற பழைய அளவே போதும். போன யூனிஃபார்முக்கு இடுப்பு முப்பத்தாறு. இப்போது என்ன என்று எழுதுவதற்குள் நீ போய்விட்டாய். நீ கடைக்கு வரமாட்டாய், அதனால் டேப்பையே அனுப்புகிறேன். பதினோரு வருஷமாக என் கழுத்தில் கிடக்கிற டேப். கைராசியானது. நுனி கொஞ்சம் அறுந்திருக்கும், கண்டுகொள்ளாதே. கடைக்குப் புது டேப் வாங்கிக்கொண்டேன். இடுப்பளவை மட்டும் எழுதி அனுப்பு.

முதுகு எப்படி இருக்கிறது?

ஊசி


ஜனவரி 4

தம்பிக்கு,

இடுப்பு முப்பத்தெட்டு. மூன்று தடவை அளந்தேன். போதுமா?

நீ சொன்னது சரியாகிவிட்டது. விளைந்துதான் போயிருக்கிறேன். பழைய யூனிஃபார்மை ஆஸ்பத்திரி ஸ்டோரில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் போடுவது எல்லாமே எலாஸ்டிக், அதனால் இவ்வளவு நாளும் எனக்குத் தெரியவில்லை.

முதுகைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். அக்டோபரில் வார்டில் ஒரு பெரியவரைக் கட்டிலிலிருந்து தள்ளுவண்டிக்கு மாற்றும்போது பிடித்ததுதான். எலும்புக்கு ஒன்றுமில்லை, தசைதான் என்றார்கள். இப்போது பிசியோதெரபிக்குப் போகிறேன். அங்கே பயிற்சி கொடுக்கிற பெண் என் மகளைவிடப் பத்து வயதுதான் பெரியவளாக இருப்பாள். ஆனால் வாத்தியார் மாதிரி அதட்டுவாள். பிளாங்க் என்று ஒன்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள். முழங்கையை ஊன்றிக் குப்புறப் பலகை மாதிரி உடம்பை நிறுத்த வேண்டும். முதல் நாள் ஒன்பது நொடி. இப்போது முப்பத்தொன்று. மகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்து எண்ணுகிறாள்.

"வயித்த உள்ள இழுக்காதீங்க. யாராவது குத்த வந்தா தானா இறுகும்ல, அப்படி இறுக்குங்க. இது அழகுக்கு இல்ல, உங்க முதுகுக்கு நீங்களே போட்டுக்கிற பெல்ட்டு" என்கிறாள். புரிகிற மாதிரியும் இருக்கிறது, புரியாத மாதிரியும் இருக்கிறது.

பிப்ரவரி 27 அன்று, திரும்ப வேலையில் சேர்வதற்கான பரிசோதனை. இருபது கிலோ மணல் மூட்டையைத் தரையிலிருந்து கட்டில் உயரத்துக்குப் பத்துத் தடவை தூக்கி வைக்க வேண்டும். வைத்தால் வார்டு. இல்லாவிட்டால் கீழ்த்தளத்தில் ரெக்கார்டு ரூம். பதினாறு வருஷம் மனிதர்களைத் திருப்பிப் படுக்க வைத்த கை இது. ஒரே பக்கமாகப் படுத்து வலியில் கிடந்தவரை மறுபக்கம் திருப்பியதும் ஒரு பெருமூச்சு விடுவார். அதைக் கேட்கத்தான் நான் வேலைக்குப் போகிறேன். ஃபைல் பெருமூச்சு விடுமா?

நீ மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். இரண்டும் வேறு.

அக்கா


ஜனவரி 15

அக்காவுக்கு,

இரண்டு செட்டும் இதனோடு வருகிறது. முப்பத்தெட்டுக்கே வெட்டினேன். இடுப்புப் பட்டிக்கு இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன், குனிந்து நிமிர்ந்தாலும் விடாது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெட்ட உட்கார்ந்தவன் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். கோபமாக இருக்கும்போது வெட்டினால் துணி கோணிப்போகும். மறுநாள்தான் வெட்டினேன்.

முப்பத்தெட்டு ஒன்றும் பெரிய விஷயமில்லை அக்கா. இரண்டு இன்ச்தானே? வார்டுக்குப் போய் நாலு மாடி ஏறி இறங்கினால் தானாகக் கரைந்துவிடும். அப்போது பின்பக்கம் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம். ஆறுதலுக்குத்தான் சொல்கிறேன். இதையும் தப்பாக எடுத்துக்கொள்வாயோ என்று பயமாக இருக்கிறது. உன்னோடு எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று எனக்கு ஒரு பட்டியல் அனுப்பி வைத்தால் நன்றாக இருக்கும்.

இங்கே கடைக்குச் சனி பிடித்திருக்கிறது. இந்த மாதம் தைத்துக்கொடுத்த பேன்ட் எல்லாம் டைட் என்று திரும்பி வருகிறது.

மன்னித்துக்கொள். இப்போது கேட்டுவிட்டேன்.

ஊசி


ஜனவரி 22

தம்பிக்கு,

இது என்ன விளையாட்டு? பேன்ட்டைப் போட்டு நடந்தேன், இரண்டாவது அடியில் முட்டிக்கு வந்துவிட்டது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு ஆத்திரமாக வந்தது. நான் குண்டு என்று காட்டுவதற்காக வேண்டுமென்றே பெரிதாகத் தைத்தாயா?

அப்படிச் செய்ய மாட்டாய் என்றும் தெரியும். அப்படியானால் நான் இளைத்திருக்க வேண்டும். உன் கடிதம் வருவதற்கு முன்பே இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். காலையில் பாதிதான். பதினைந்து நாளில் இரண்டு இன்ச் குறையுமா? சந்தோஷமாக டேப்பை எடுத்து அளந்தேன். முப்பத்தெட்டேதான் காட்டுகிறது. ஒரு நூல்கூடக் குறையவில்லை. டேப்பைப் பிடித்தால் முப்பத்தெட்டு, பேன்ட்டைப் போட்டால் முப்பத்தாறு. நான் எதை நம்புவது?

பிளாங்க் ஐம்பத்தைந்து நொடி வரை போயிருந்தது, மூட்டை ஆறு தடவை. இந்த வாரம் என்னவோ நாற்பதைத் தாண்டவில்லை. பேன்ட்டைத் திருப்பி அனுப்புகிறேன். நீயே அளந்து பார்.

அக்கா


பிப்ரவரி 1

அக்காவுக்கு,

பேன்ட்டைக் கட்டிங் மேசையில் விரித்து மரஸ்கேலை வைத்துப் பார்த்தேன். பத்தொன்பது, பத்தொன்பது. முப்பத்தெட்டு கச்சிதமாக இருக்கிறது. நான் வெட்டியதில் தப்பே இல்லை. உன் டேப்பும் முப்பத்தெட்டு என்கிறது. ஆனால் பேன்ட் உன் இடுப்பில் நிற்கவில்லை. தலையைப் பிய்த்துக்கொண்டதுதான் மிச்சம்.

இங்கேயும் அதே கூத்துதான், தலைகீழாக. உனக்கு லூஸ், மற்றவர்களுக்கெல்லாம் டைட். வங்கியில் காசாளராக இருப்பவர் பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "என்னங்க, மூச்சு விட முடியல, நீளமும் பத்தல" என்றார். "நீளம் துணி சுருங்கிருச்சு, இடுப்பு நீங்க பெருத்துட்டீங்க சார்" என்றேன். ஒரு பள்ளி வாத்தியாரிடமும் அதையே சொன்னேன். பாவம், அவர் மறுநாளிலிருந்து காலையில் என் கடை வழியாக ஓடுகிறார். பார்க்கும்போதெல்லாம் கையைத் தூக்கி உற்சாகப்படுத்துகிறேன்.

நீ எதற்கு இரவுச் சாப்பாட்டை நிறுத்தினாய்? உன் பிசியோ அப்படிச் சொன்னாளா? ஒன்று மட்டும் எனக்குக் குழப்பமில்லாமல் தெரிகிறது. ஐம்பத்தைந்து நாற்பதாவது நல்லதற்கில்லை.

பேன்ட்டை இங்கேயே வைத்திருக்கிறேன். என்ன செய்வது என்று சொல்.

ஊசி


பிப்ரவரி 12

தம்பிக்கு,

பிளாங்க் இருபத்துநாலு நொடி. மூட்டை மூன்று தடவை. நாலாவது தடவை குனிந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பெண் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, "காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்றாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை. பிறகு, "உங்களுக்கு வார்டு வேணுமா, இடுப்பு வேணுமா?" என்று கேட்டாள். இரண்டும் ஒன்றுதானே என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது. எப்போதிலிருந்து அப்படி நினைக்கிறேன் என்று தெரியவில்லை.

கண்ணை மூடி வயிற்றை இறுக்கு என்கிறாள். மூடினால் டேப்பில் இருக்கிற எண்தான் தெரிகிறது. காலையில் எழுந்ததும் ஒன்று, குளித்ததும் ஒன்று, படுக்கப் போகும்போது ஒன்று என்று அளக்கிறேன். நேற்று முப்பத்தேழரை வந்தது. அன்று முழுக்க நான் நல்லவள். இன்று முப்பத்தெட்டு. இன்று நான் யாருக்கும் ஆகாதவள்.

நீ பட்டியல் கேட்டாயே, சொல்கிறேன். வார்டில் என் உடம்பு குண்டா ஒல்லியா என்று பதினாறு வருஷத்தில் நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அது தூக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அக்டோபரில் அது தூக்கவில்லை. அந்தப் பெரியவர் என் கையிலிருந்து நழுவித் தள்ளுவண்டியின் விளிம்பில் இடித்துக்கொண்டார். அவர்தான் என்னைப் பார்த்து, "அடிபட்டுச்சாம்மா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒரு மாதம் படுத்துக் கிடந்தேன். எழுந்து நடந்து உன் கடைக்குத்தான் முதலில் வந்தேன். தைரியம் சொல்வாய் என்று நினைத்து வந்தேன். நீ முன்பின் தெரியாத இரண்டு பேரைச் சிரிக்க வைத்தாய்.

நேற்று மகள் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தாள். ஏன் என்று கேட்டேன். "நீ மட்டும் சாப்பிடுறியா?" என்றாள்.

இன்னும் பதினைந்து நாள்தான் இருக்கிறது.

அக்கா


பிப்ரவரி 16

அக்கா,

இதை அவசரத் தபாலில் போடுகிறேன். முதலில் உட்கார்ந்துகொள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலை ஓடவில்லை. கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல், கடை முகப்பில் நிற்கிறதே பொம்மை, அதன் இடுப்பை அளந்தேன். இருபத்தெட்டு என்று வந்தது. அந்தப் பொம்மையின் இடுப்பு முப்பது. அடியில் அச்சடித்தே வந்திருக்கிறது. திரும்ப அளந்தேன், இருபத்தெட்டு. பொம்மை எங்கே இளைக்கும்? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

உன்னிடம் இருக்கிற டேப்பின் நுனியைப் பார். முதல் இரண்டு இன்ச் இருக்காது. ஏழு வருஷத்துக்கு முன்னால் மெஷினில் சிக்கி அறுந்தது. அந்த டேப் இரண்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. புதிது வாங்கச் சோம்பல்பட்டு, அளந்த பிறகு மனதுக்குள் இரண்டைக் கழித்துக்கொள்வேன். நாளாக நாளாகக் கழிக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று, தானாக நடந்தது. உனக்கு அனுப்பும்போது அது ஞாபகமே வரவில்லை. நீ கழிக்காமல் எழுதினாய். இங்கே நான் புது டேப்பிலும் இரண்டைக் கழித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் வருகிறவர்களுக்கெல்லாம் டைட். ஒரு மாதமாக ஊரில் பாதிப் பேரைப் பெருத்துவிட்டீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். அந்த வாத்தியார் இன்று காலையிலும் ஓடினார். கையைத் தூக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

நல்ல செய்தி என்னவென்றால் நீ முப்பத்தாறுதான் அக்கா! பெருக்கவே இல்லை. ஒரு நூல்கூட ஏறவில்லை. தயவுசெய்து சாப்பிடு. இன்றைக்கே சாப்பிடு.

ஊசி


பிப்ரவரி 19

தம்பிக்கு,

கடிதத்தைப் படித்ததும் டேப்பின் நுனியைப் பார்த்தேன். மூன்றுதான் முதல் எண். ஒரு மாதத்துக்கு மேல் நாளுக்கு மூன்று தடவை கையில் பிடித்திருக்கிறேன், கண்ணில் படவில்லை. நுனியில் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? வயிற்றுக்கு மேல் என்ன எண் வருகிறது என்பதில்தான் உயிரே இருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் மகள், "மாமா லூசு" என்றாள். பிறகு இருவரும் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டோம். உன்மேல் வந்த கோபத்துக்கு நீ எதிரில் இருந்திருந்தால் டேப்பாலேயே அடித்திருப்பேன்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. நல்ல செய்தி, நீ முப்பத்தாறுதான் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்கும் அப்பாடா என்று இருந்தது. ஒரு மணி நேரம் காலே தரையில் படவில்லை. பிறகு பயம் வந்தது. உண்மையிலேயே முப்பத்தெட்டாக இருந்திருந்தால்? அப்போது நான் பட்டினி கிடந்தது சரியா? டேப் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரவுச் சாப்பாட்டை நிறுத்து என்று டேப் சொல்லவில்லையே. நீயும் சொல்லவில்லை. அதை நானாகத்தான் செய்தேன். ஏன் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

பரிசோதனையைத் தள்ளிவைக்கக் கேட்டேன். முடியாது என்றார்கள். எட்டு நாள் இருக்கிறது.

அக்கா


பிப்ரவரி 22

அக்காவுக்கு,

நீ கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

யோசித்துப் பார்த்தேன். கடைக்கு வருகிறவர்கள் டேப்பை இடுப்பில் சுற்றியதும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். எல்லோரும்தான், ஆண், பெண், கிழவர் வரைக்கும். தைத்துப் போட்ட பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டே அலைய முடியுமா? "மூச்ச விடுங்க" என்று சொல்வதற்குப் பதிலாக நான் ஏதாவது கிண்டல் அடிப்பேன். சிரித்தால் தானாக மூச்சை விட்டுவிடுவார்கள், அளவு சரியாக வரும். அதை ஒரு வித்தையாகவே வைத்திருந்தேன். நீ அன்றைக்கு மூச்சைப் பிடிக்கவே இல்லை அக்கா. சும்மா நம்பி நின்றுகொண்டிருந்தாய். உன்னிடம் அந்தக் கிண்டலுக்குத் தேவையே இருக்கவில்லை.

வாத்தியாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். "இப்ப நிறுத்தணுமா, ஓடணுமா?" என்று என்னையே கேட்டார். தெரியலை சார் என்றேன்.

முப்பத்தெட்டாக இருந்தாலும் நீ சாப்பிட்டிருக்க வேண்டும். அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், நானோ இரண்டு இன்ச்தானே, கரைந்துவிடும் என்று எழுதினேன். மன்னித்துவிடு. எதற்கு என்று இப்போது தெரிந்து கேட்கிறேன்.

ஊசி


மார்ச் 2

தம்பிக்கு,

தேறவில்லை. எட்டுத் தடவை தூக்கினேன்.

ஏழு வரைக்கும் நன்றாகவே போயிற்று. எட்டாவதில் வேகம் குறைந்தது. ஒன்பதாவதுக்குக் குனிந்து மூட்டையைப் பிடித்தேன், வயிற்றை இறுக்கினேன். பாதிதான் இறுகியது. மேலே டாக்டர், வார்டு பொறுப்பாளர், அந்தப் பிசியோ பெண், மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கியிருக்கலாம். இன்னும் இரண்டே தடவைதான். ஆனால் அக்டோபரில் அந்தப் பெரியவரைத் தூக்கியபோதும் இதே மாதிரி பாதிதான் இறுகியிருக்கும். அன்று எனக்கு அது தெரியவில்லை. இந்தத் தடவை தெரிந்தது. மூட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்து, "இன்னிக்கு இவ்வளவுதான்" என்றேன்.

டாக்டர் எதையோ எழுதிக்கொண்டார். நாற்பது நாள் கழித்து இன்னொரு வாய்ப்பு, அதுதான் கடைசி. அதுவரை ரெக்கார்டு ரூம். வெளியே வந்ததும் அந்தப் பெண் என் தோளைத் தட்டி, "மூணுலேருந்து எட்டுக்கு வந்தது எட்டு நாள் சாப்பாடு. நாப்பது நாள் சாப்பிட்டா என்ன ஆகும்னு பாருங்க" என்றாள். எனக்கு அழுகை வந்தது. தோற்றதற்கா, வேறெதற்காவதா என்று தெரியவில்லை. பட்டினி கிடந்த அந்த நாட்களை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் ஒன்பதாவது மூட்டையைக் கீழே விட்டதை நினைத்தால் வருத்தம் வரவில்லை. இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை.

இன்று ரெக்கார்டு ரூமில் முதல் நாள். ஃபைல் பெருமூச்சு விடவில்லை. மதியம் கதவைச் சாத்திவிட்டுத் தரையில் துண்டை விரித்து பிளாங்க் செய்தேன். எண்ணுவதற்கு ஆள் இல்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. போதும் என்று பட்டபோது இறங்கினேன்.

யூனிஃபார்மைப் பற்றிக் கேட்டிருந்தாய். இன்னொரு செட்டும் இதனோடு வருகிறது. இரண்டு பேன்ட்டிலும் பட்டியைப் பிரித்துவிட்டு நாடா கோத்துக் கொடு. கொஞ்சம் நீளமாகவே விடு. காலையில் போடும்போது எனக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இறுக்கி முடிந்துகொள்கிறேன். அளவு கேட்டு எழுதாதே.

அக்கா